வண்டியின் படம் போட்டதற்கு வந்த கேள்விகளுக்கு ஒரு நீளமான பதில்



போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய வெள்ளை வண்டியின் முன்னால் நானும் உங்கள் டீச்சரம்மாவும் நிற்கும் படத்தைப் போட்டிருந்தேன். "சார், சினிமாவில் நடிக்கப் போறீங்களா?" என்று பாதிப் பேர் கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் கேரவன் என்றாலே நடிகர்கள் உட்காரும் வண்டிதானே. மீதிப் பேர் என்ன விலை, என்ன மைலேஜ் என்று கேட்டிருந்தீர்கள். 1989-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், இப்போது சேலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், சரியான கேள்வியைக் கேட்டான்: "சார், பதினேழு வருஷத்துப் பழைய பெட்ரோல் எஞ்சினை எப்படி நம்பி வாங்கினீங்க?" இந்தப் பதிவு முக்கியமாக அவனுக்கு. மற்றவர்கள் பொறுமை இருந்தால் படிக்கலாம்.

முதலில் ஏன் வாங்கினோம் என்று சொல்லிவிடுகிறேன். டீச்சரம்மாவின் இரண்டு முட்டிகளும் மாற்றுமுட்டிகள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். காரில் நெடுந்தூரம் போனால் வழியில் கழிவறைக்கு இறங்கி ஏற வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். சென்ற முறை இங்கே வந்தபோது அப்படிப் போய்த்தான் மயங்கி விழுந்து, ஒரு இரவு மருத்துவமனையில் இருந்தாள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) யெல்லோஸ்டோன் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஒன்பதாம் வகுப்பு புவியியலில் வெந்நீர் ஊற்றுப் பாடத்தை முப்பது வருடம் நடத்தியவள் அவள். கழிவறையும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் வண்டி என்றால் வருகிறேன் என்றாள். மகளும் மருமகனும் பிள்ளைகளோடு ஊர் சுற்ற இப்படி ஒரு வண்டி வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பணம் சேர்த்து வந்தார்கள். ஒதுக்கி வைத்திருந்தது 30,000 டாலர். அதற்குப் புதிது கிடைக்காது. எங்கள் விசாவும் அக்டோபரோடு முடிகிறது.

சாக்ரமென்டோவிலிருந்து அங்கே போக நெவாடா பாலைவனத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே ஐம்பது அறுபது மைல் ஒன்றுமே இருக்காது. கோடையில் அந்த வெயிலில் எஞ்சின் நின்றால் ஏ.சி. இல்லாமல், 71 வயதுப் பெண்ணையும் இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? மருமகன் கணிப்பொறிக்காரர். ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டுப் பழக்கமில்லை. "மாமா, நீங்க ஃபிசிக்ஸ் சார்தானே, பார்த்துச் சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

இங்கே பெட்ரோலை 'காஸ்' என்கிறார்கள். கேஸ் எஞ்சின் என்றதும் நம் வீட்டு சிலிண்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். என் தங்கை போனில் அரை மணி நேரம் பயந்துபோய்ப் பேசினாள்.

எஞ்சினைப் பற்றிப் பேசுமுன் அதற்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நாங்கள் வாங்கிய வண்டி ஆளும் சாமானும் தண்ணீரும் சேர்ந்து ஏறக்குறைய 12,500 பவுண்டு, அதாவது 5,670 கிலோ. சாக்ரமென்டோ கடல் மட்டத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே ஏறினால் சுமார் 90 மைலில் டானர் கணவாய், 7,200 அடிக்கு மேல். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குதான். 12 கோடி ஜூலுக்குச் சற்று மேல் வரும். ஒரு லிட்டர் பெட்ரோலில் மூன்றேகால் கோடி ஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆக, வண்டியை மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 15 லிட்டர். காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் ஆகும் செலவு தனி. மீதி முக்கால் பங்கு வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். அதே உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஒரு சாதாரண காருக்கு நாலு லிட்டர் போதும்.

அதனால் இதே எஞ்சின் பிக்கப் வண்டியில் இரண்டு லட்சம் மைல் ஓடியது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. பிக்கப் பெரும்பாலும் காலியாகத்தான் ஓடுகிறது. இந்த வண்டி பிறந்த நாளிலிருந்து முழுச் சுமையோடு ஓடுகிறது. போதாததற்கு மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டானர் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். டர்போ இல்லாத எஞ்சின் என்றால் திறனும் அந்த அளவுக்குக் குறையும். வேலை கூடும் இடத்தில் பலம் குறைகிறது.

இனி எஞ்சின். பெட்ரோல் மோட்டார்ஹோம்களில் சுற்றிச் சுற்றி நாலைந்து எஞ்சின்கள்தான். ஃபோர்டின் பழைய 460 வி-8, ஜெனரல் மோட்டார்ஸின் 454, அதற்குப் பின் வந்த 8.1 லிட்டர், ஃபோர்டின் 6.8 லிட்டர் வி-10, 2020-இல் வந்த 7.3 லிட்டர் வி-8. எங்கள் பட்ஜெட்டில் அதிகம் கிடைப்பது வி-10. இங்கே பழகிய யாரைக் கேட்டாலும் அதைப் பற்றி இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "அதைக் கொல்லவே முடியாது" என்பார் ஒருவர். "ஸ்பார்க் பிளக் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே பாயும்" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள், வேறு வேறு எஞ்சின்களைப் பற்றி. வி-10 என்பது ஒரே பெயரில் வந்த மூன்று. 1997-இல் தொடங்கிய முதல் சில வருட எஞ்சின்களில் அலுமினிய ஹெட்டில் பிளக் உட்காரும் துளைக்குச் சில மரைகள்தான் வெட்டியிருந்தார்கள். முறுக்கு சரியாக இல்லாவிட்டால் பிளக் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். பிறகு வந்த ஹெட்டுகளில் மரையைக் கூட்டினார்கள். 2005-இலிருந்து பெரிய பிக்கப்புகளில் சிலிண்டருக்கு மூன்று வால்வு வைத்த வி-10 வந்தது. அதில் பிளக் வெளியே பாயாது, ஆனால் கழற்றப் போனால் பாதி உடைந்து உள்ளேயே நின்றுவிடும். இரண்டு துண்டாகச் செய்த பிளக் அது. ஆனால் வேன் முகம் வைத்த மோட்டார்ஹோம்களுக்கான இ-450 அடிச்சட்டத்தில் 2019 வரை இரண்டு வால்வு எஞ்சினையே தொடர்ந்தார்கள், மரை கூட்டிய ஹெட்டோடு. நாங்கள் தேடியது அதைத்தான். 305 குதிரைத்திறன்.

சரி, நல்ல ரகம் தெரிந்துவிட்டது. அதோடு விஷயம் முடிந்ததா? நம் பள்ளியின் தேர்ச்சி விகிதம் 98 என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். உங்கள் அப்பா அம்மா அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்களா? உன் மார்க் ஷீட்டைக் காட்டு என்றுதானே கேட்டார்கள். எஞ்சினுக்கும் மார்க் ஷீட் கேட்க வேண்டும்.

மூன்று வண்டிகள் பார்த்தோம்.

முதலாவது 460 எஞ்சின் போட்ட 1990-களின் வண்டி. 31,000 மைல்தான் ஓடியிருந்தது. மருமகனுக்கு அதுவே பெரிய கவர்ச்சி. எனக்கு அதுவே சந்தேகம். முப்பது வருடத்தில் 31,000 மைல் என்றால் வருடத்துக்கு ஆயிரம். மிச்ச நாளெல்லாம் நின்றே கிடந்திருக்கிறது. நிற்கும் வண்டியில் பெட்ரோல் பிசினாகிறது, இங்கே கலக்கும் பத்து சதவீத எத்தனால் ஈரத்தை இழுக்கிறது, ரப்பர் ஹோஸ்கள் காய்ந்து வெடிக்கின்றன, ஆயில் வடிந்து சீல்கள் உலர்கின்றன. வருபவர்கள் எப்போதும் மைலைத்தான் பார்க்கிறார்கள். போனில் "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லியிருந்தோம். போய்க் கை வைத்துப் பார்த்தால் ரேடியேட்டர் ஹோஸ் சூடாக இருந்தது. அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது, கிளம்பிவிட்டோம்.

இரண்டாவது, சின்ன வண்டி, வி-10 தான். ஒரு வியாபாரியிடம். வாக்ஸ் போட்டு முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தார்கள். குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் ஆனது, சத்தமும் சீராக இருந்தது. விலையும் 3,000 டாலர் குறைவு. மருமகன் செக் புத்தகத்தை எடுத்துவிட்டார். இங்கே 1996-க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. என்று ஒரு துளை இருக்கும். இருபது முப்பது டாலருக்கு விற்கும் சின்னக் கருவியைச் செருகினால் எஞ்சினின் கணினி என்ன நினைக்கிறது என்று போனிலேயே தெரியும். பிழை எண் எதுவும் இல்லை. ஆனால் அதே திரையில் இன்னொரு பக்கம் உண்டு. எஞ்சின் தன்னைத்தானே சோதித்துக்கொண்ட தேர்வுகளில் எவை முடிந்தன, எவை முடியவில்லை என்று காட்டும். அதில் ஏறக்குறைய எல்லாமே முடியவில்லை என்று இருந்தது. பிழைகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோதான் இப்படிக் காட்டும். சில நாள் ஓட்டினால் தானாக நிரம்பும். விடைத்தாளில் தப்பு ஒன்றும் இல்லை, ஏனென்றால் தாளே வெள்ளையாக இருக்கிறது! நான் ஒன்றும் குற்றம் சொல்லவில்லை. "நூறு மைல் ஓட்டிவிட்டு, கலிஃபோர்னியா சட்டப்படி விற்பவர் தர வேண்டிய புகைச் சான்றையும் எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள், முழு விலைக்கே வாங்கிக்கொள்கிறோம்" என்று மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். இன்று வரை கூப்பிடவில்லை.

அன்று இரவு வீட்டில் சாப்பாடு கொஞ்சம் அமைதியாக நடந்தது. மருமகன் நல்ல பிள்ளை, வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரம்மாதான், "நீங்க பார்க்கிற பார்வைக்கு என்னையே கட்டியிருக்க மாட்டீங்க" என்றாள்.

மூன்றாவதுதான் படத்தில் இருப்பது. 2008-ஆம் வருட இ-450, 29 அடி, 58,000 மைல். விற்றவர் எண்பது வயதைத் தொடும் மனிதர், லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்குக் கண் பார்வை மங்கிவிட்டதால் இனிப் பயணம் இல்லை என்று விற்கிறார். எஞ்சின் ஜில்லென்று இருந்தது. வண்டியைத் திறந்து காட்டுவதற்கு முன் அவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும், எத்தனை கேலன், ஓடோமீட்டர் எத்தனை, எந்த ஊர், எல்லாம் பென்சிலில். ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட் மாற்றிய தேதிகள். பிளக் மாற்றியபோது எத்தனை முறுக்கு வைத்தார் என்றுகூட. ஜெனரேட்டரை மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம், ஏ.சி. சுமையோடு ஓட்டியதற்கும் கணக்கு. வண்டி ஓடாத மாதங்களிலும் அந்த வரி விடுபடவில்லை.

அந்த நோட்டைப் படம் எடுத்து வந்து, பேத்தியின் கிராஃப் தாளில் புள்ளி வைத்தேன். 300-க்குச் சற்றுக் குறைவான புள்ளிகள். x அச்சில் ஓடிய மைல், y அச்சில் கேலனுக்கு எத்தனை மைல். ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையே ஏறி இறங்குகிறது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் கோடு படுக்கையாகப் போகிறது. கம்ப்ரஷன் குறைந்து வரும் எஞ்சினோ, சரியாக விடுபடாத பிரேக்கோ இருந்தால் வருடங்கள் போகப் போக அந்தக் கோடு சரிய வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் ஆறுக்கு விழுந்து, எட்டுப் புள்ளிகள் அங்கேயே இருந்துவிட்டு மேலே வந்தது. போன் செய்து கேட்டேன். யோசிக்கவே இல்லை. "அந்தக் கோடையில் பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்தோம், மனைவிக்குப் பிடிக்கவில்லை, விற்றுவிட்டோம்" என்றார். மனிதர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

நம்பிக்கை வந்த பிறகும் செய்ய வேண்டியதைச் செய்தோம். வீட்டுக்கே வந்து பார்க்கும் மெக்கானிக் ஒருவரை வரவழைத்தோம். இந்த வண்டியில் எஞ்சினின் பின்பாதி ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே ஒரு கூடு போட்டு மூடியிருக்கும். அதைக் கழற்றினால்தான் பின்வரிசைப் பிளக்குகளை எட்ட முடியும். பத்து சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்த்தார். எண் எத்தனை என்பதைவிடப் பத்தும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம், இருந்தது. வலது பக்கம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு ஸ்டட் துருப்பிடித்து உடைந்திருந்தது. குளிர்ந்த நிலையில் டிக்டிக்கென்று சத்தம், சூடானதும் உலோகம் விரிந்து அடைத்துக்கொள்ளும். இந்த எஞ்சினுக்கு இது பரம்பரை வியாதி. வழியில் நிறுத்தாது, ஆனால் செலவு உண்டு. விலையில் 1,200 டாலர் குறைத்தார் பெரியவர்.

பிறகு ஆயில். ஒரு சின்னப் புட்டியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நமக்கு ரத்தப் பரிசோதனை மாதிரிதான். ஈயமும் செம்பும் கூடியிருந்தால் பேரிங் தேய்கிறது. சிலிக்கான் கூடியிருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது. சோடியம், பொட்டாசியம் இருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது, அதாவது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். நேற்று மாற்றிய ஆயிலில் இதெல்லாம் தெரியாது. இது 2,800 மைல் ஓடிய ஆயில், நோட்டில் இருக்கிறது. முடிவு வர ஒன்பது நாள். அதற்குள் வேறு ஒருவர் முழுப் பணத்தோடு வந்து நின்றார். 500 டாலர் முன்பணம் கொடுத்திருந்தோம், அவ்வளவுதான். மகள் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. பெரியவர் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம் கேட்டதற்கு, இதுவரை வந்தவர்களில் நோட்டைப் படித்தவர் நாங்கள்தான் என்றாராம். அறிக்கையில் எதுவும் கூடுதலாக இல்லை.

கடைசியாக மலை. ஆபர்னிலிருந்து கோல்ஃபாக்ஸ் வரை 1,200 அடி ஏற்றம். பெரியவரே ஓட்டினார், நான் போனில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏற்றத்தில் கியர் இறங்கி எஞ்சின் 4,000 சுற்றுக்கு மேல் போய்க் கத்தியது. பின்னால் டீச்சரம்மா "முருகா" என்றாள். அது அப்படித்தான் கத்தும். இந்த எஞ்சினின் பலமே அதிகச் சுற்றில்தான் இருக்கிறது. கத்தவிடாமல் மேல் கியரில் இழுத்தால்தான் சூடும் தேய்மானமும் கூடும். கூலன்ட் வெப்பநிலை 194 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 210 வரை ஏறி அங்கேயே நின்றது, சமதரை வந்ததும் இரண்டே நிமிடத்தில் 196. நான் பார்க்க வந்தது அந்த இறக்கத்தைத்தான். ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ ஃபேன் கிளட்ச் சோர்ந்திருந்தாலோ அவ்வளவு வேகமாக இறங்காது.

இத்தனைக்கும் பிறகு சேலத்துத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எஞ்சினுக்காக இவ்வளவு பாடுபட்டோமே தவிர, வழியில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை எஞ்சினால் நிற்பதில்லை. டயர், பேட்டரி, பெல்ட், ஹோஸ், டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப். உனக்கு இது தெரியாததல்ல. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு டயரிலும் பட்டன் பட்டனாகப் பூ இருந்தது, ஆனால் எட்டு வருடம் பழையவை. ஆறையும் மாற்றிவிட்டோம். பெல்ட், ஹோஸ் எல்லாம் புதிது. பழைய பெல்ட் கட்டிலுக்கு அடியில் ஸ்பேராக இருக்கிறது. வேகம் 55 மைல் என்று மருமகனிடம் ஒப்பந்தம். 65-ஐ 55-ஆல் வகுத்து அந்த எண்ணை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 1.65. பத்து மைல் வேகம் கூட்டினால் காற்றுக்கு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் திறன். இரண்டரை மீட்டர் அகலச் சுவரைத் தள்ளிக்கொண்டு போகிறோம்.

"வாடகைக்கு எடுக்கலாமே" என்று என் மைத்துனர் கேட்டிருந்தார். எடுக்கலாம். பதினைந்து நாளுக்கு ஆகும் பணத்தை விசாரித்துவிட்டுத்தான் வாங்கும் முடிவுக்கு வந்தார்கள். "டீசல் வாங்கலாமே" என்று கேட்ட பெரியப்பா மகனுக்கு: மலையில் டீசல் சுகம்தான், ஆனால் எங்கள் பணத்துக்குக் கிடைக்கும் டீசல் இதைவிடப் பத்து வருடம் மூப்பு, கை வைத்தால் செலவு இரட்டிப்பு.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறோம், வெயில் ஏறுமுன் பாலைவனத்தில் பாதியைக் கடந்துவிட வேண்டும் என்று திட்டம். முதல் இரவு எல்கோ. டீச்சரம்மா இட்லிப் பானையையும் இரண்டு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயையும் ஏற்றிவிட்டாள். தண்ணீர் டேங்க் நிரம்பியிருக்கிறது. நெவாடாவில் பல இடங்களில் போனுக்கு சிக்னல் கிடையாது. அந்த வாரம் பிறந்தநாள் வரும் நால்வருக்கும் என் ஆசிகளை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்று என் தங்கைக்கு யாரும் போன் செய்து கலவரப்படுத்த வேண்டாம்.